ராஜினாமாக் கடிதத்தைத் தள்ளிப்போடச் சொன்ன டாக்டர்

நெல்லைக்காரன்:

தனியார் வங்கிக் கிளையில் வேலை. டெபாசிட், கடன் போதாதென்று இன்சூரன்ஸ் பாலிசியும் விற்றாக வேண்டும். காலையில் ஏரியா மேனேஜரின் கான்ஃபரன்ஸ் கால். நேற்று யார் எத்தனை முடித்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். முடிக்காதவர் எல்லார் காதிலும் விழும்படி "ஜீரோ சார்" என்று சொல்ல வேண்டும். சாயங்காலமும் அதே விசாரணை. மார்ச் மாதம் வந்தால் ராத்திரி பத்து மணிக்கும் போன் அடிக்கும். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே திங்களை நினைத்து எனக்கு வயிற்றைப் பிசையும்.

முதலில் தூக்கம் போயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் கண் மூடாது. பிடித்த மீன்குழம்பு கூட ருசிக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடக் கதை சொன்னால் காதில் விழும், மனசில் ஏறாது. ஒருநாள் அந்த காலை போனில் பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு படபடத்து, கை மரத்து, மூச்சு முட்டியது. மாரடைப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயத் தாக்குதல் என்று சொன்னவர் பிறகு நான் பார்த்த மனநல மருத்துவர். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடுமாம். இதயத்தைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டதால், அடுத்த முறை வந்தால் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி உட்கார்ந்திருக்கச் சொன்னார். என்ன நடக்கிறது என்று தெரிந்ததே பெரிய ஆறுதல். தைராய்டு, வைட்டமின் பி12, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொன்னார். அவற்றில் கோளாறு இருந்தாலும் இதே மாதிரி சோர்வும் படபடப்பும் வருமாம்.

அன்றைக்கு ராஜினாமாக் கடிதம் என் மொபைலில் தயாராக இருந்தது. காட்டினேன். படித்துவிட்டு, "வேலையை விடுறது உங்க இஷ்டம். ஆனா தூங்காத மனசு எடுக்கிற முடிவு இது. தூக்கம் திரும்பட்டும், அப்பவும் இதே தோணுச்சுன்னா தாராளமா அனுப்புங்க" என்றார். எனக்குக் கிடைத்த வைத்தியத்திலேயே பெரியது இதுதான் என்று இன்றும் நம்புகிறேன். வீட்டுக் கடன் தலைமேல் இருக்கும்போது கடிதத்தை அனுப்பியிருந்தால், நோயோடு பணக்கவலையும் சேர்ந்திருக்கும்.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எழுதினார். ஆரம்ப நாட்களில் குமட்டல், கொஞ்சம் கூடுதல் பதற்றம்கூட இருந்தது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். படபடப்பை உடனே தணிக்கக் கூடவே கொடுத்த குளோனசெபாம் மாத்திரை பழக்கமாகிவிடக் கூடியது என்பதால் கொஞ்ச நாளிலேயே குறைத்து நிறுத்திவிட்டார். எஸ்சிட்டலோபிராம் அப்படி அடிமையாக்காது. ஆனாலும் திடீரென்று விடக்கூடாது, தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், பிறகு டாக்டர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும்.

கவுன்சிலிங்கில் பயத்தை நோட்டில் எழுதச் சொன்னார்கள். "இந்த மாசம் டார்கெட் போச்சுன்னா வேலை போயிடும்" என்று எழுதி, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். எங்கள் கிளையில் டார்கெட் தவறியதற்காக வீட்டுக்குப் போனவர் ஒருவரும் இல்லை! அதை என் கையால் எழுதிய பிறகுதான் மனசு ஒத்துக்கொண்டது.

தூக்கம் திரும்பியதும் யோசித்தேன். விற்பனையை விட்டு ஆபரேஷன்ஸ் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கினேன். இன்சென்டிவ் குறைவு. அந்த காலை போன் இல்லை.

மதுரை அக்கா:

தம்பி, நான் அரசு மருத்துவமனை ஐசியூ நர்ஸ். உங்க டாக்டர் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். எனக்கு மருந்தால் மட்டும் தீரவில்லை. தொடர்ந்து நைட் டூட்டி, ஆள் பற்றாக்குறை. வீட்டுக்கு வந்த பிறகும் ஊசியின் டோஸ் சரியாகப் போட்டேனா என்று வார்டுக்குப் போன் செய்து கேட்பேன். சிகிச்சை நடக்கும்போதே வார்டு மாற்றிய பிறகுதான் மாத்திரையும் வேலை செய்தது. நோயாளியைச் சுற்றி எரிகிற அடுப்பை அணைக்காமல் விசிறிக்கொண்டே இருந்தால் எப்படி? ஆகவே ராஜினாமாவைத் தள்ளிப்போடலாம், வார்டு, ஷிப்ட் மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்பேன்.

எங்கள் ஆஸ்பத்திரி மனநல ஓபி வரிசையில் நிற்கத்தான் ரொம்பத் தயங்கினேன், எல்லாரும் தெரிந்த முகம். முதலில் 14416 எண்ணில்தான் பேசினேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். வாழ வேண்டாம் என்ற நினைப்பு யாருக்காவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அந்த எண்ணில் பேசுங்கள், வீட்டில் ஒருவரையாவது எழுப்பிப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஓஎம்ஆர் தம்பி:

அக்கா, அண்ணா, ஐடி சப்போர்ட்டில் இருக்கிறேன். கம்பெனி இன்சூரன்ஸில் இதெல்லாம் வருமா? லீவுக்குக் காரணம் எழுதினால் அப்ரைசலில் கை வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

நெல்லைக்காரன்:

தம்பி, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, உடல் நோய்க்குக் கொடுப்பதைப் போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வழி செய்ய வேண்டும். ஆனால் பல பாலிசிகளில் எந்த நோயானாலும் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் வரும். ஓபி செலவு சேருமா என்று உங்கள் பாலிசியைப் பாருங்கள். பணம் தடையாக இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் அங்கேயே தருகிறார்கள்.

லீவு விஷயத்தில் நான் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. "உடம்பு சரியில்லை, சிகிச்சையில் இருக்கேன், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சான்றிதழில் என்ன எழுதுவது என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், இந்தப் பயம் அவருக்குப் புதிதல்ல. இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அண்ணனோ அக்காவோ யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.