ஹால் சுவரில் என்ன மாட்டினீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம், சொந்த பிளாட்

நானே ஆரம்பிக்கிறேன். இங்கே குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் கொடுத்ததில் பிள்ளையார் படம் மட்டும் ஏழு. ராதாகிருஷ்ணர் மூன்று, சுவர்க் கடிகாரம் நான்கு. எல்லாவற்றையும் மாட்டிவிடு, கொடுத்தவர்கள் அடுத்த முறை வரும்போது தேடுவார்கள் என்றார் மாமியார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏழு பிள்ளையாரை எங்கே மாட்டுவது? ஒன்றை வாசலுக்கு மேலே மாட்டினோம். மற்றவற்றைப் புதுக்குடித்தனம் போகிற பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து வருகிறோம்.

ஹாலின் பெரிய சுவர் காலியாகக் கிடந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. உள்வேலை செய்து கொடுத்தவர் சோபா நிறத்துக்குப் பொருந்தும் என்று ஒரு செட் காட்டினார். மூன்று கேன்வாஸ் துண்டுகளில் தொடரும் கடற்கரை அந்தி. வாங்கி மாட்டினோம். எதிரே மேற்கு ஜன்னல், பிற்பகல் வெயில் நேராக அதன்மேல்தான் விழும். ஒரு கோடை முடிவதற்குள் சிவப்பு வெளுத்து, அந்தி வானம் சாம்பல் பூத்துவிட்டது. அதைக் கழற்றி வைத்து ஒரு மாதமாகியும் வீட்டில் ஒருவர்கூட அந்தப் படம் எங்கே என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாத ஒன்றை வீட்டின் நடுவில் இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் அந்தச் சுவருக்கு வந்தது எங்கள் தாத்தா பாட்டி படம். மேற்கு மாம்பலத்தில் தாத்தா கட்டிய வீடு அடுக்குமாடிக்காகக் கைமாறியபோது, நான் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தாத்தா நாற்காலியில், பாட்டி அதன் முதுகைப் பிடித்தபடி பக்கத்தில். பழைய வீட்டில் அது உத்தரத்துக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கும், முன்பக்கம் நன்றாகச் சாய்ந்து. அந்தச் சாய்வுக்குப் பின்னால் குருவி கூடு கட்டும். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை அந்தப் பக்கம் ஒட்டடை அடிக்கப் பாட்டி விடமாட்டார்.

இறக்கிப் பார்த்தபோது பாட்டியின் தோளுக்குப் பக்கத்தில், ஈரம் பட்டதுபோல் பளபளவென்று ஒரு திட்டு. பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெரு தெரிந்திருக்கும், கண்ணாடியும் படச் சட்டமும் விற்கும் கடைகள் அடுத்தடுத்து இருக்குமே. அங்கே ஒரு சின்னக் கடைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து பிரேம் கட்டை அறுத்துக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி, ஒரு பழைய வேட்டியை விரித்து அதன்மேல் குப்புறப் போட்டார். துரு ஏறிய ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டப்பா மூடியில் சேர்த்தார். பின்னட்டையைத் தூக்கினால் உள்ளே மடித்து வைத்த தமிழ்ச் செய்தித்தாள், வெற்றிலைச் சருகு நிறத்தில். தொட்ட இடத்தில் பொடிந்தது. அதையும் தூக்கிப் போடாமல் ஓரமாக எடுத்து வைத்தார். அப்புறம் படத்தின் ஓரத்தை விரல் நகத்தால் மெதுவாக நெம்பிப் பார்த்துவிட்டு உடனே நிறுத்திவிட்டார்.

"இதை இழுக்காதீங்கம்மா. இழுத்தா பாட்டி தோளு கண்ணாடியோட போயிடும்."

அவர் சொன்ன காரணம் இது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல்பூச்சு ஜெலட்டின். காற்றில் ஈரம் ஏறினால் அது இளகிப் பசை மாதிரி ஆகிவிடும். கண்ணாடியில் நேராக அழுந்திக் கிடக்கும் படம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மெட்ராஸில் மழைக்காலம் என்று தனியாக வேண்டாம், கடல் காற்றே போதும். அதனால்தான் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். அந்த அட்டை அழகுக்கு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே நிழலில் வைத்துப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு அதை மாட்டுங்கள், அசலைக் கண்ணாடியோடு அப்படியே பத்திரப்படுத்துங்கள் என்றார். அப்படியே செய்தோம். இப்போது சுவரில் இருப்பது நகல். அசல் துணி சுற்றி பீரோவில் இருக்கிறது, அந்தச் செய்தித்தாள் துண்டும் அதனுடன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். பிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன ரப்பர் பொத்தான் ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போகும், பூஞ்சை பிடிக்காது. குளியலறைக்கு மறுபக்கச் சுவரில் எதையும் மாட்டவே கூடாது. இந்த யோசனைக்கெல்லாம் அவர் காசு வாங்கவில்லை. இனி பிரேம் போட வேண்டியது எதுவாக இருந்தாலும் அவரிடம்தான் போவேன்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீட்டு ஞாபகத்தில் என் கணவர் தாத்தா பாட்டி படத்தை ஏழடிக்கு மேலே மாட்டிவிட்டார். ஓவியக் கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் வரும்படி மாட்டுவது வழக்கம், நிற்பவரின் கண் மட்டம் அது. நாங்கள் அதைவிடவும் கொஞ்சம் இறக்கினோம், மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கட்டும் என்று. அன்றைக்குத்தான் அவர் என் பாட்டியின் முகத்தை முதன்முதலாக நன்றாகப் பார்த்தார். "உன் மூக்கு இவங்க மூக்குடி" என்றார்.

மாமியார் கோவில்பட்டிப் பக்கம். அவர் கல்யாணத்தில் கொண்டுவந்த முருகன் படம் ஒன்று உண்டு, காலண்டரிலிருந்து வெட்டிப் பிரேம் போட்டது. சாமி அறையில் வைத்தால் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு இப்போது வருந்துகிறேன். கீழே மூலையில் கொண்டையராஜு என்ற பெயர் இருந்தது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு, சிவகாசியில் அச்சாகிய எத்தனையோ காலண்டர் சாமிகளை வரைந்த அதே கொண்டையராஜு. அவர் படித்தது இங்கே எழும்பூர் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஓவியப் பள்ளியில், 1850இல் தொடங்கியது, இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. போன மார்கழியில் மகளைக் கூட்டிக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனோம். 1966இல் அந்தக் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரும் அதே பள்ளியில் படித்து, அங்கேயே முதல்வராகவும் இருந்தவர். பாத்திக் துணி மாதிரியான கைவேலைகள் செய்து விற்றுத்தான் அந்த ஓவியர்கள் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு சின்னக் கோட்டோவியத்தின் முன் மகள் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு பெண், ஒரு பறவை, அவ்வளவுதான். அந்த மூன்று கேன்வாஸுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. இப்போது முருகனும் அந்தக் கோட்டோவியமும் ஹாலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பொருந்தவில்லை என்று வருகிறவர்கள் சொல்வதுண்டு. ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்ட கோடுதானே, பொருந்தாமல் எங்கே போகும்?

உங்கள் வீட்டில் எப்படி?

திருவான்மியூர், வாடகை வீடு

எங்கள் ஓனர் ஆணியே அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார். ஒட்டும் கொக்கி வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது வாரம் நடுராத்திரியில் தடாலென்று சத்தம். கொக்கி பெயின்டோடு உரிந்து வந்திருந்தது. சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் சுவரைப் பிடிக்காமல் சும்மா நின்றிருக்கிறது. கொக்கி மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி வந்தால் அந்தச் சுவரில் எதுவும் நிற்காது.

அப்புறம் எனக்கு வழி காட்டியது பரண். பரண் விளிம்பில் ஏற்கெனவே இருந்த இரண்டு கொக்கிகளில் நைலான் கயிறு கட்டி, மேலும் கீழுமாக மூன்று படம் தொங்கவிட்டிருக்கிறேன். மகன் யூ.கே.ஜி.யில் வரைந்த ரயில், கல்லூரி நண்பர்கள், அம்மா போட்ட 15 புள்ளி சிக்குக் கோலத்தின் படம். அம்மா இப்போது குனிந்து கோலம் போட முடியாது. அதனால் அந்தக் கோலம் எனக்கு எந்த ஓவியத்தைவிடவும் பெரிது. வீடு மாறினால் கயிற்றை அவிழ்த்தால் போதும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: சாதாரண இரும்பு ஆணியும் கம்பியும் உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சுவரில் பழுப்பாக வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான்.

மயிலாப்பூர்

தஞ்சாவூர் படம் வாங்குபவர்களுக்காக எழுதுகிறேன். என் அக்கா பல வருடமாக வரைகிறார். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மக்கால் புடைப்பு வேலை செய்து, கல் பதித்து, புடைப்பின்மேல் 22 காரட் தங்கத் தகடு ஒட்டுவது முறை. தங்கத் தகடு கறுக்காது. போலித் தகடு சில வருடத்தில் மங்கிக் கறுத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வாங்கும்போது தகடு என்ன என்று கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சமையலறைப் புகை, ஊதுபத்திப் புகை படாத சுவர் நல்லது. ஈரத் துணியால் துடைக்கவே கூடாது, உள்ளே இருக்கும் மக்கு ஊறிவிடும்.

ஜாபர்கான்பேட்டை

நாங்கள் அப்போது தரைத்தளம். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் விடிவதற்குள் வீட்டில் மார்பளவு நின்றது. நான்கு நாள் கழித்துத்தான் உள்ளே போக முடிந்தது. பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் ஒரே கட்டியாகிவிட்டன. அப்பா அம்மா கல்யாணப் படம் அதில்தான் இருந்தது. பாட்டி காலத்து வழக்கப்படி உயரத்தில் மாட்டிய இரண்டு சாமி படமும், அப்பா மறைந்தபின் மாலை போட்ட படமும் மட்டும் தப்பின. உயரத்தைக் குறைத்து மாட்டச் சொல்கிறார்கள், சரிதான். எனக்கு மனசு வரவில்லை. சுவரில் அந்தத் தண்ணீர்க் கோடு எதுவரை வந்தது என்று இன்றும் கண்ணை மூடினால் தெரியும். அதற்குக் கீழே நான் எதையும் மாட்டுவதில்லை.

மடிப்பாக்கம்

ஜாபர்கான்பேட்டைக்காரருக்கு: படித்ததும் மனம் கனத்துவிட்டது. உயரமாகவே மாட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் கல்யாணப் படம் எடுத்தால் நெருங்கிய சொந்தத்துக்கு ஒவ்வொரு காப்பி கொடுப்பார்கள். அத்தை, சித்தி, பெரியப்பா வீடுகளில் யாரிடமாவது கேட்டுப் பார்த்தீர்களா?

ஜாபர்கான்பேட்டை

பத்து வருடமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று இரவு வரிசையாக எல்லோருக்கும் போன் போட்டேன். விழுப்புரத்தில் சின்ன அத்தை வீட்டுச் சுவரில் இருக்கிறதாம், பிரேம் போட்டு. அம்மாவின் வலது கைப் பக்கம் கண்ணாடியில் ஒரு பளபளப்புத் திட்டு இருக்கிறது என்று அத்தையே சொன்னார். யாரும் கழற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன்.