வீட்டுக் குழு: பின்கேமரா படுத்தும் பாடு

சனி, காலை 9:10

கதிர்: சித்தப்பா, காரின் பின்கண்ணாடியில் மாட்டிய டாஷ்கேம் (சாலையைப் பதிவு செய்யும் கேமரா) மூன்று நாளாக உயிரை வாங்குகிறது. ஓடுகிறது, சற்று நேரத்தில் அணைகிறது, தானாகவே மறுபடியும் எழுகிறது.

செல்வம் சித்தப்பா: கரண்ட் எங்கிருந்து எடுத்தாய்?

கதிர்: முன்பக்கத்து லைட்டர் சாக்கெட்டில் யுஎஸ்பி சார்ஜர். அதிலிருந்து 5 மீட்டர் கேபிள், கூரை ஓரமாகப் பின்னால் கொண்டுபோயிருக்கிறேன்.

வெண்ணிலா: கொண்டுபோனானாம்! பாதிக் கேபிள் பின்சீட்டில் என் தலைக்கு மேல் ஊஞ்சல் ஆடுகிறது.

செல்வம் சித்தப்பா: முன்கேமராவோடு ஜோடியாக வந்ததா, தனியாக வாங்கியதா?

கதிர்: தனி. முன்னால் இருப்பது வேறு.

செல்வம் சித்தப்பா: ஜோடியாக வருவதில் பெரும்பாலும் முன்னதே பின்னதற்கும் கரண்ட் கொடுத்துவிடும். தனி என்றால் நம் பாடு. வோல்ட் பார்த்தாயா?

கதிர்: பார்த்துவிட்டேன். கேபிள் முனையில் 5.1. ஆகவே கேமராதான் பழுது. திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்.

செல்வம் சித்தப்பா: அவசரப்படாதே. கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தாயா, ஓடவிட்டு அளந்தாயா?

கதிர்: கழற்றிவிட்டுத்தான்.

செல்வம் சித்தப்பா: குழாயை மூடிவைத்துக்கொண்டு தண்ணீரின் வேகத்தை அளந்திருக்கிறாய்.

வெண்ணிலா: 😂 என்னிடம் இடையில் சொருகும் யுஎஸ்பி மீட்டர் இருக்கிறது. பார்த்துச் சொல்கிறேன்.

காலை 9:41

வெண்ணிலா: பதிவு ஓடும்போது 4.2. கேமராவின் வைஃபையை இயக்கினால் 3.9 வரை இறங்குகிறது, உடனே கண்ணை மூடிவிடுகிறது.

செல்வம் சித்தப்பா: நோய் கிடைத்துவிட்டது. அந்த யுஎஸ்பி கேபிளுக்குள் இருப்பது தலைமுடி மாதிரிக் கம்பி. 28 கேஜ் (கம்பியின் பருமன் எண்) என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம் மின்தடை. போக 5 மீட்டர், வர 5 மீட்டர், ஆக 2 ஓமுக்கு மேல். அரை ஆம்பியர் ஓடினாலே 1 வோல்ட் வழியில் தொலைந்துபோகும். 5 வோல்ட் வைத்திருப்பவனுக்கு 1 வோல்ட் பெரிய நஷ்டம். அதே தூரத்துக்குக் கார் பாட்டரியின் 12 வோல்ட்டை அனுப்பினால் அதே வேலைக்குக் கால் ஆம்பியர் போதும், இழப்பும் பாதிதான். 12-இல் அரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஆகையால் 12-ஐப் பின்னால் கொண்டுபோ. அங்கே ஒரு சின்ன கன்வெர்ட்டர் வைத்து 5 ஆக இறக்கு.

கதிர்: சரி. அதே கூரை வழியாகவே இழுத்துவிடவா?

செல்வம் சித்தப்பா: வேண்டவே வேண்டாம். கூரையின் இரு ஓரத்திலும் திரை ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. அதற்கு முன்னால் வயர் குறுக்கே போனால், விரிகிற நேரத்தில் வயரையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் தொடங்கி, கதவுப் படியின் பிளாஸ்டிக்குக் கீழே, கம்பெனி வயர் கட்டு போகிற பாதையிலேயே போ. நடுத் தூணில் சீட் பெல்ட் சுருளுக்குப் பக்கத்தில் மட்டும் தொங்கவிடாதே.

அப்பா: சுருக்கமாகச் சொன்னால், என் காரைப் பிரிக்கப் போகிறீர்கள்.

செல்வம் சித்தப்பா: நாலு பிளாஸ்டிக்தான் அண்ணா. ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்பியால் எடுத்தால் கீறல் விழாது.

அப்பா: போன தடவையும் நாலு என்றுதான் சொன்னாய். ஒரு கிளிப் இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

காலை 10:20

அத்தை: குளித்துவிட்டு வருவதற்குள் இத்தனை செய்தியா! எனக்கு இந்த ஓம் எல்லாம் புரியவில்லை. டிக்கியிலேயே ஒரு சாக்கெட் இருக்கிறதே, அதில் கரண்ட் வராதா?

கதிர்: எந்தச் சாக்கெட் அத்தை?

அத்தை: இடது பக்கம், மூடி போட்டது. டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பை அதில்தானே சொருகுகிறேன்.

வெண்ணிலா: அண்ணா நான்கு வருடமாக அந்தக் கார் ஓட்டுகிறான்.

செல்வம் சித்தப்பா: அக்கா, நீங்கள் முதலிலேயே குளித்திருக்கலாம். கதிர், சாவியை எடுத்த பிறகும் அதில் 12 வருகிறதா என்று பார்.

கதிர்: சாவியை எடுத்தால் செத்துவிடுகிறது.

செல்வம் சித்தப்பா: நல்லது. எப்போதும் உயிரோடு இருக்கும் சாக்கெட் என்றால், நிறுத்திவைத்த வண்டியில் கேமரா பாட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். அப்போது வோல்ட் குறைந்ததும் தானே துண்டிக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். உனக்குச் சாதாரணமானதே போதும். சாக்கெட்டின் முதுகிலிருந்து வயர் எடு, எடுத்த இடத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் போடு.

கதிர்: சாக்கெட்டுக்கென்று ஃபியூஸ் ஏற்கெனவே இருக்குமே?

செல்வம் சித்தப்பா: அது பம்ப்புக்கான ஃபியூஸ், 10 அல்லது 15 ஆம்பியர் இருக்கும். உன் மெல்லிய வயர் உரசி ஷார்ட் ஆனால், வயர் புகைந்த பிறகும் அது பேசாமல் இருக்கக்கூடும்.

கதிர்: அப்படியானால் வேலை முடிந்த மாதிரிதான்.

செல்வம் சித்தப்பா: இல்லை, இனிதான் பொறுமை வேண்டும். உன் கண்ணாடி டிக்கிக் கதவோடு சேர்ந்து மேலே போகிறது. வண்டியின் உடம்புக்கும் கதவுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். வயர் அதற்குள்தான் போக வேண்டும். கதவு இடுக்கில் விட்டு மூடினால் நாளடைவில் நசுங்கும், கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பரும் தூக்கிக்கொண்டு தண்ணீர் உள்ளே இறங்கும். குழாயின் இரு முனைகளையும் கழற்று. விறைப்பான கம்பியை முதலில் நுழை, அதன் முனையில் கேபிளை டேப்பால் ஒட்டி இழு. ரப்பர் பிடித்தால் துளி சோப்புத் தண்ணீர். இழுத்து முடித்ததும் கதவை முழுக்கத் திறந்து பார். கேபிள் விறைக்கக் கூடாது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக்கை மூடு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

அப்பா: என் காரிலா?

செல்வம் சித்தப்பா: 🙏

மாலை 4:35

கதிர்: (படம்) ரப்பர் குழாய் மட்டும் ஒன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. கேமராவின் ப்ளக் இரண்டாவது மடிப்பில் சிக்கிவிட்டது. வளைந்த ப்ளக்கைக் கேபிளோடு சேர்த்து டேப் சுற்றி ஒல்லியாக்கிய பிறகுதான் வந்தது.

வெண்ணிலா: மீட்டர் பார்த்தேன். பதிவு ஓடும்போது 5.0, வைஃபையோடு 4.9. அரை மணி நேரமாக ஒரு தடவைகூட அணையவில்லை.

செல்வம் சித்தப்பா: கண்ணாடியில் பனி போக்கும் கோடுகளின் மேல் ஒட்டவில்லையே? பிறகு எப்போதாவது கழற்றும்போது கோடும் சேர்ந்து உரிந்துவிடும்.

கதிர்: இல்லை, மேல் ஓரத்தில் கோடில்லாத இடம். சாக்கெட்டும் பழையபடி வேலை செய்கிறது.

அப்பா: கிளிப்புகள்?

கதிர்: எல்லாம் மாட்டியாயிற்று அப்பா. உங்கள் மேசையில் கிடந்ததையும் சேர்த்து.

அத்தை: எல்லாம் சரி, டிக்கியில் இருந்த என் பம்ப் எங்கே?

வெண்ணிலா: அத்தை, பின்கேமராவின் முதல் பதிவில் இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் தரையில்.

கதிர்: யாரும் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். வருகிறேன்.