சுவாமி வீட்டை அம்மாவுக்குக் காட்ட முடியுமா?

அல்சூர் பொண்ணு:

அம்மாவுக்கு வருகிற ஆவணியில் 72 முடிகிறது. புடவை வேண்டாமாம், "சுவாமி வீட்டைப் பார்க்கணும்" என்கிறாள். எந்தச் சாமியார் என்று பயந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடரில் வருகிற சின்னப் பையன் சுவாமி.

அப்போது எங்கள் சந்தில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பார்ப்பாளாம். இந்தி பாதி புரியாது. ஆனால் அந்த ஓட்டு வீடு, மரத்தூண், திண்ணை எல்லாம் நம் ஊர்ப்பக்கம் மாதிரியே இருக்கும் என்பாள். கும்பகோணம் பக்கம் எங்கேயோ எடுத்தது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். ஷிமோகா பக்கம் என்று சொன்னேன், நம்பவில்லை.

அங்கே இப்போது பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஒரே நாளில் போய் வரலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. என் வீட்டுக்காரர் வேறு, "மால்குடி கற்பனை ஊர்தானே, பேரே பாதி மல்லேஸ்வரம், பாதி பசவனகுடி. இங்கே பெங்களூரிலேயே ஒரு ரவுண்டு அடிச்சுக் காட்டு, பெட்ரோல் மிச்சம்" என்று சிரிக்கிறார்.

ஜெயநகர் 4வது பிளாக்:

ஒரே நாளில் நடக்காது. படம் பிடித்த ஆகும்பே இங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல்.

மீட்டர்கேஜ்:

அம்மா, நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருஷம் ஜனவரியில் என் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், ஆவணியில் போகாதீர்கள். கர்நாடகத்தில் மழை கொட்டுகிற ஊர்களில் ஒன்று ஆகும்பே. வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். அட்டை காலில் ஏறினால் அம்மா சுவாமியையும் மறந்துவிடுவார், உங்களையும் திட்டுவார். பிறந்தநாளைத் தைக்குத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டு இடம் இருக்கிறது. சுவாமியின் வீடாகக் காட்டியது ஆகும்பேயில் உள்ள தொட்டமனே. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் மரத்தூண். கதை நடப்பது 1930களில், படம் பிடித்தது 1980களில். அந்த வீட்டில் பழைய காலத்தைக் காட்டத் தனியாகப் பெரிய வேலை எதுவும் தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஒன்று ஞாபகம் வையுங்கள். அது காட்சிசாலை கிடையாது, குடும்பம் வசிக்கிற வீடு. நாங்கள் போன அன்றைக்கு ஒரு வேன் கூட்டம் செருப்போடு உள்ளே நுழைந்து, ஊஞ்சல் எங்கே, கிணறு எங்கே என்று கேட்டுக்கொண்டு திரிந்தது. எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. வாசலில் நின்று, கேட்டு, அவர்கள் கூப்பிட்டால் போங்கள்.

இரண்டாவது இடம்தான் என் மனசுக்குப் பிடித்தது. மால்குடி ஸ்டேஷனாக வந்தது அரசாளு. பீரூரிலிருந்து ஷிமோகா வழியாகத் தாளகுப்பா போகிற கிளைப்பாதை. படம் பிடித்த காலத்தில் மீட்டர்கேஜ், இப்போது அகலப்பாதை. பழைய ஸ்டேஷன் கட்டடத்தை இடிக்காமல் 2020இல் மால்குடி மியூசியம் ஆக்கிவிட்டார்கள். தரைமட்டம்தான், முழங்காலுக்குத் தொந்தரவு இல்லை. அடுத்த ஸ்டேஷன்வரை வண்டி போக அனுமதியாகக் கொடுக்கிற டோக்கன் வளையத்தை, ஓடுகிற வண்டியிலிருந்து கையை நீட்டி வாங்கிய காலம் எனக்குத் தெரியும், அதனால் நான் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன். வீட்டம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள்.

ஆட்டோக்காரர்கள் வண்டியின் முதுகுப்பக்கம் படம் ஒட்டி வைத்திருக்கிறார்களே ஷங்கர் நாக், அவர்தான் இந்தத் தொடரை இயக்கியவர். 1990இல் சாலை விபத்தில் போனபோது 36 கூட நிறையவில்லை. அம்மாவுக்கு இதையும் சொல்லுங்கள், ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

வெயிட்டிங் லிஸ்ட் 42:

இதற்காகவா இவ்வளவு தூரம்? ஸ்டூடியோவில் செட் போட்டு எடுத்திருந்தால் நாமெல்லாம் பக்கத்திலேயே பார்த்திருக்கலாம்.

மீட்டர்கேஜ்:

செட்டா? தம்பி, திப்பு சுல்தான் தொடருக்கு மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். 1989 பிப்ரவரி 8இல் தீப்பிடித்து 62 பேர் செத்தார்கள். அது போகட்டும், செட்டைப் படம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். 40 வருஷம் கழித்து யார் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது?

யாதவகிரி பக்கத்து ஆள்:

அக்கா, ஷிமோகா பயணம் தள்ளிப்போனால் மைசூர் வாங்க, காலையில் கிளம்பி ராத்திரி திரும்பிடலாம். மால்குடி கதைகளை எழுதிய ஆர். கே. நாராயண் கட்டிய வீடு இங்கே யாதவகிரியில் இருக்கிறது. இடிக்கப் பார்த்து, சத்தம் போட்டு நிறுத்தி, 2016இல் நினைவில்லமாகத் திறந்தார்கள். மாடிப்படி உண்டு, அம்மா கீழேயே பார்க்கட்டும்.

உங்க வீட்டுக்காரர் சொல்கிற மல்லேஸ்வரம் கணக்கைப் பல பேர் சொல்வார்கள். பெயர்ப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1930இல் பெங்களூரில், ஒரு விஜயதசமி நாளில் எழுத உட்கார்ந்தபோது முதலில் மனசில் வந்தது ஒரு சின்ன ரயில் நிலையம் என்றுதான் நாராயண் சொல்லியிருக்கிறார். அதனால் என் ஓட்டும் அரசாளுக்கே.

இன்னொன்று, அம்மா நினைத்ததில் பெரிய தப்பில்லை. நாராயண் பிறந்தது சென்னையில். இசை போட்ட எல். வைத்தியநாதனும் நம் ஆள்தான். சுவாமி கதையில் சிநேகிதன் ராஜம் கடைசியில் ரயில் ஏறிப் போவது திருச்சிக்கு. கும்பகோணம் அங்கிருந்து எவ்வளவு தூரம்?

அல்சூர் பொண்ணு:

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். செருப்போடு நுழைந்த கூட்டத்தைக் கேட்டு ரொம்பக் கோபம். "குடித்தனம் இருக்கிற வீட்டுக்குள்ள நாம எதுக்குப் போகணும்? வெளியே நின்னு பாத்தா போதும்" என்கிறாள். ராஜம் திருச்சிக்குப் போனான் என்றதும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரே பெருமை. அதனால் ஸ்டேஷன்தான் முக்கியமாம்.

தையில் டிக்கெட் போடுகிறேன். மீட்டர்கேஜ் சார், அரசாளுவில் உட்கார வசதி இருக்கிறதா? அம்மாவுக்கு ஒரு வண்டியாவது போவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம்.

மீட்டர்கேஜ்:

பெஞ்ச் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துப் போங்கள். அவசரப்பட்டு ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரப் பொழுது போய்விடும். ஃபிளாஸ்கில் காபி எடுத்துக்கொள்ளுங்கள்.