ஆஷ் மர கிட்டார் பாடிக்கு நைட்ரோவா, பாலியா, எண்ணெயா?

புதுத்தந்தி:
வணக்கம். ஆஷ் பலகை இரண்டை ஒட்டி எலக்ட்ரிக் கிட்டார் பாடி ஒன்று செய்துவிட்டேன். நெக் (கிட்டாரின் கழுத்து) ரெடிமேட், நான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டுகிற வகை. ஆஷின் ரேகையை மூட மனசு வரவில்லை, ஆனால் கண்ணாடி மாதிரி பளபளப்பும் வேண்டும். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) போட்டால்தான் மரம் மூச்சுவிடும், பாலி (பாலியூரித்தேன் மாதிரி பிளாஸ்டிக் பூச்சு) போட்டால் சத்தம் அடைத்துக்கொள்ளும் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கம்ப்ரசர் கிடையாது, பால்கனியில் நின்று ஸ்ப்ரே கேன்தான் அடிக்க முடியும். எதை எடுக்கலாம்?

மரத்தூள்:
மூச்சுவிடுகிற கதையை முதலில் விடுங்கள். காய்ந்து, அறுத்து, ஒட்டிய பலகை அது. பிக்கப் (கம்பிக்கு அடியில் இருக்கிற காந்தச் சுருள்) கவனிப்பது கம்பியின் அசைவைத்தான், கனமான பாடிமேல் ஒரு மெல்லிய படலத்தால் காதுக்குத் தெரிகிற மாற்றம் வரும் என்று நான் நம்பவில்லை. 1960களில் ஃபெண்டர் கிட்டார் கம்பெனி தன் கஸ்டம் நிறங்களுக்கு அடித்ததே டூபாண்டின் கார் பெயின்ட்தான்: டூகோ என்றால் நைட்ரோ, லூசைட் என்றால் அக்ரிலிக். சத்தத்துக்காகத் தேடிப் பிடித்ததல்ல, கைக்குக் கிடைத்த நல்ல பெயின்ட், அவ்வளவுதான்.

உங்கள் பிரச்சினை ஆஷின் துளைகள். இது திறந்த துளை மரம், அதை நிரப்பாமல் எத்தனை கோட் அடித்தாலும் அன்றைக்குச் சமமாகத் தெரியும், சில மாதத்தில் லாக்கர் சுருங்கி உள்ளே இறங்கியதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ரேகை ரேகையாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதனால் 220, 320 உப்புத்தாள் போட்டபின் கொஞ்சம் கருமை கலந்த கிரெய்ன் ஃபில்லரை (துளையை அடைக்கிற பசை) தேய்த்து, இறுக ஆரம்பிக்கும்போது ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் ரேகைக்குக் குறுக்கே வழித்துவிடுங்கள். ரேகை இன்னும் தூக்கலாகத் தெரியும், மேல்பரப்பும் சமமாகிவிடும், நீங்கள் கேட்ட இரண்டும் சேர்ந்து வருகிற வழி இதுதான். பொறுமை இருந்தால் இரண்டு தடவை. நன்றாகக் காய்ந்த பிறகுதான் சீலர், அதாவது லாக்கருக்கு அடியில் போடுகிற அடிப்பூச்சு.

அப்புறம் கேனில் நைட்ரோ. ஒவ்வொரு கோட்டும் முந்தைய கோட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும், எங்காவது வழிந்தாலும் தேய்த்து மேலே அடித்தால் சரியாகிவிடும். பாலி அப்படி ஒட்டாது. மெருகேற்றும்போது ஒரு அடுக்கைத் தாண்டித் தேய்த்துவிட்டால் வளையம் மாதிரி ஒரு கோடு நிற்கும், அதை அந்த இடத்தில் மட்டும் தொட்டு மறைப்பது கஷ்டம்.

எண்ணெய்க்கட்சி:
பளபளப்பு அவ்வளவு முக்கியமா? டங் ஆயில் துணியால் பூசலாம், புகை இல்லை, கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் திரும்பத் தேய்த்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பளபளப்பு வராது, அடி பட்டால் மரம் குழியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு விஷயம்: பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இந்த மாதிரி எண்ணெய்கள், முக்கியமாக ஆளிவிதை எண்ணெய், காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

ஆறாவதுகம்பி:
மரத்தூள் சொல்வதுதான் சரி, இரண்டு மூன்று சேர்த்துக்கொள்கிறேன். நெக் உட்காரும் பள்ளத்தை டேப் ஒட்டி மூடிவிட்டு அடியுங்கள். அங்கே பெயின்ட் ஏறினால் நெக் இறுக்கமாகி, அழுத்தி நுழைக்கும்போது பள்ளத்தின் ஓரத்தில் பெயின்ட் வெடிக்கும். ஈரக்காற்று அடிக்கிற நாளில் நைட்ரோ வேண்டாம், வெள்ளையாகப் பூத்துவிடும். கடைசியில் தண்ணீர் தொட்டு 1000, 1500, 2000 என்று தேய்ப்பீர்கள் இல்லையா, அப்போது ஸ்க்ரூ ஓட்டைகளில் தண்ணீர் இறங்கினால் சுற்றிலும் மரம் உப்பும், மெழுகு வைத்து அடைத்துவிடுங்கள். விளிம்புகளில் உப்புத்தாளை அழுத்தவே வேண்டாம், முதலில் தேய்ந்து போவது அங்கேதான்.

புதுத்தந்தி:
சரி, ஃபில்லர் போட்டு நைட்ரோ. எத்தனை நாள் காய விடுவது? ஹார்டனர் கலக்கிற 2கே கேன் சீக்கிரம் இறுகும் என்கிறார்களே?

மரத்தூள்:
2கே-யில் ஐசோசயனேட் என்கிற, நுரையீரலைக் கெடுக்கிற ரசாயனம் இருக்கிறது, சரியான வடிகட்டி வைத்த மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள். சாதாரணத் துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. நைட்ரோவுக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. காய்வதற்கு மூன்று நான்கு வாரமாவது விடுங்கள், மூக்கை ஒட்டி முகர்ந்தால் தின்னர் வாசம் முழுக்கப் போகிறவரை மெருகேற்ற எடுக்காதீர்கள். முடிந்தபின் ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள், சில ரப்பர் நைட்ரோவை இளக்கித் தடம் விட்டுவிடும்.