புதுப்பிப்பு: முத்தியால்பேட்டை விடுதியில் ஹீட் பம்ப் போட்டாச்சு

விடுதியில் அறைக்கு அறை கீசர் வைப்பதற்குப் பதில் மாடியில் வெந்நீருக்கு ஒரே ஹீட் பம்ப் போட்டு, அது வெளியே தள்ளும் குளிர்காற்றை டக்ட் (காற்றுக் குழாய்) வழியாகச் சமையலறைக்குக் கொண்டுவர முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது, நன்றாகவே ஓடுகிறது. காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். புதுச்சேரி வெக்கை இதற்குத் தோது.

வேலை வாங்கியது டக்ட்தான். குளிர்காற்று போகும் தகரத்தின் மேல் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் வியர்த்துக் கொட்டும். நைட்ரைல் ரப்பர் ஷீட் சுற்றி, இணைப்புகளை அலுமினிய டேப்பால் மூடினார்கள். ஒரு வளைவில் மட்டும் டேப் பிரிந்து, அரிசி மூட்டை மேல் சொட்டியது. மிஸ்திரி வந்து முழுதாகப் பிரித்துத் திரும்பச் சுற்றினார். இப்போது தொட்டால் உலர்வாக இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள காயில் (ஹீட் பம்பில் காற்றின் வெப்பத்தை உறிஞ்சும் உலோகச் சுருள்) கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்று சும்மா விடாது. அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவவும் வேண்டும்.

சமையல் அக்கா, "இப்பத்தான் தம்பி அடுப்புகிட்ட நிக்க முடியுது" என்றார். அதற்காகவே போட்டது. அப்புறம், ஐப்பசி மழைக்குக் குளிர்காற்றை வெளியே திருப்பிவிட டேம்பரும் (டக்டுக்குள் காற்றின் வழியை மாற்றும் தகடு) வைத்திருக்கிறோம்.