நெடுந்தூர லாரி ஓட்டுநரின் தூக்கமின்மை: ஆலோசனை தேவை

கேள்வி (தண்டையார்பேட்டை):
என் அண்ணன் மணலியிலிருந்து நாக்பூர் வரை டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வரிசை நகர நகரக் கண்விழித்திருந்துவிட்டு அன்றிரவே புறப்படுவதால், வீடு திரும்பிய நாளிலும் அவருக்கு உறக்கம் பிடிப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1 (ஓய்வுபெற்ற ஓட்டுநர், ராயபுரம்):
வரிசையில் நிற்பதை ஓய்வென்று கணக்கிடுவதுதான் முதல் தவறு, தம்பி. ஒருமுறை சூலூர்பேட்டைக்கு அருகே சுங்கச்சாவடியைக் கடந்தது என் நினைவிலேயே இல்லை. ரசீது மட்டும் சட்டைப்பையில் இருந்தது. பின்னிரவு 2 மணி முதல் விடியும்வரை உடல் தானாகவே தூக்கத்தை நாடும் என்பதால், அந்நேரத்தில் வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. முடியாதபோது, தேநீர் குடித்தவுடன் 20 நிமிடம் கண்ணயர்ந்தால், விழிக்கும் வேளையில் கஃபீன் வேலைசெய்யத் தொடங்கியிருக்கும். எழுந்தவுடன் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல், டயர்களைத் தட்டிப் பார்த்தபடி ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். (பாக்கு போடுவதால் தூக்கம் தீராது, பல்தான் போகும்.)

பதில் 2 (செவிலியர், மாதவரம்):
அவர் உரக்கக் குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சுத் திணறி விழிக்கிறாரா என்று அண்ணியிடம் கேளுங்கள். அப்படியிருந்தால் அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். பகலில் உறங்கும் அறையின் ஜன்னலைக் கனத்த துணியால் மூடுங்கள்.

பதில் 3 (லாரி உரிமையாளர், மணலி):
நாளுக்கு 8 மணி நேர வேலை என 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. ஆனால் நடைக்கு இவ்வளவு என்று படி கொடுக்கும்வரை எந்த ஓட்டுநரும் தானாக நிறுத்தமாட்டார். நாக்பூர் நடைக்கு இரண்டாவது ஓட்டுநரை அண்ணன் முதலாளியிடம் கேட்கட்டும்.