கோன்ச்சா மெலெண்டெஸ் "முதல் பெண்"ணா? எந்தக் கணக்கில்?

திண்ணைக்காரன்: நேற்று ஒரு மேதாவி இங்கே எழுதியிருந்தார்: "மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் டாக்டர், புவேர்ட்டோ ரிக்கோவின் கோன்ச்சா மெலெண்டெஸ், 1932." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மத்தில்தே மோன்தோயா 1887-லேயே மெக்சிகோவில் டாக்டர் ஆகிவிட்டார். 45 வருடம் முந்தி!

மைப்புட்டி: மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மோன்தோயா ஊசி போடும் டாக்டர். மெலெண்டெஸ் வாங்கியது தத்துவம், இலக்கியப் புலத்தில் முனைவர் பட்டம். அங்கே அதை வாங்கிய முதல் பெண் அவர்.

திண்ணைக்காரன்: நீங்கள் எழுதியது "முதல் பெண் டாக்டர்". இப்போது பேச்சை மாற்றாதீர்கள். 1887.

கடுகு: 1887-இல் அந்தப் பல்கலைக்கழகமே கிடையாதே ஐயா. 1910-இல்தானே தொடங்கினார்கள்? மோன்தோயா படித்தது தேசிய மருத்துவப் பள்ளியில்.

திண்ணைக்காரன்: அந்தப் பள்ளி பிற்பாடு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்ததா இல்லையா? சேர்ந்தது. அப்போ கணக்கில் வரும். 1887.

அரைக்கிணறு: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மெலெண்டெஸ் 1934-இல் "இந்தியானிஸ்டா" நாவல் பற்றி ஒரு புத்தகம் போட்டிருக்கிறாராமே, நம்மூர் நாவல்களைப் பற்றியா?

மைப்புட்டி: தெய்வமே. 1832 முதல் 1889 வரை ஸ்பானிய அமெரிக்காவில், அதாவது அமெரிக்கக் கண்டத்தின் ஸ்பானிய மொழி நாடுகளில், அந்த மண்ணின் பழங்குடிகளை நாயகர்களாக்கி எழுதிய நாவல்களைப் பற்றியது. அந்த வகை நாவல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. அதைப் பேச இங்கே ஆளில்லை, பட்டம் வாங்கிய வருஷத்துக்கு மட்டும் மல்லுக்கட்டு.

கடுகு: அந்தப் பழங்குடிகளுக்கு "இந்தியர்" என்று கொலம்பஸ் வைத்த பெயர், 500 வருஷமாக நம்மைப் படுத்துகிறது :)

திண்ணைக்காரன்: "ஸ்பானிய அமெரிக்கா" என்கிறீர்களே, புவேர்ட்டோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் கையில். அம்மையார் முதுகலை படித்ததும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். அவர் எப்படி அந்தக் கோஷ்டி?

மைப்புட்டி: அவர் காகுவாஸில் பிறந்தது 1895-இல். அப்போது அங்கே பறந்தது ஸ்பெயின் கொடி. கொடி மாறினால் நாக்கு மாறிவிடுமா? புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய அமெரிக்க இலக்கியத்தை ஒரு பாடமாகவே நிலைநிறுத்தியவர் அவர். அந்தத் தீவின் ஸ்பானிய மொழி அகாதெமியில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவர்தான்.

திண்ணைக்காரன்: வந்தாச்சு இன்னொரு "முதல் பெண்"! கையில் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? போன வருடம் பழைய மெக்சிகோக் கவிஞர் சோர் ஹுவானா பற்றிய இழையிலும் இதே வித்தைதான், அங்கேயும் நான்தான் பிடித்தேன்.

மைப்புட்டி: அங்கே நீங்கள் பிடித்தது என் எழுத்துப்பிழையை.

திண்ணைக்காரன்: பிழை பிழைதானே. முதலில் இந்த அம்மையாரின் பெயரை ஒழுங்காக எழுதுங்கள். கோஞ்சாவா, கோன்ச்சாவா?

அரைக்கிணறு: ஊசி போடுகிறவரையும் டாக்டர் என்றுதானே சொல்கிறோம், திண்ணை சார் சொல்வதில் என்ன தப்பு?

மைப்புட்டி: கடுகு, இவர்களிடம் நீங்களே பேசுங்கள். எனக்கு வேலை இருக்கிறது.

திண்ணைக்காரன்: 1887.